மாடுலர் சமையலறை: எங்கே செலவிடுவது, எங்கே சிக்கனம் பிடிப்பது?

சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்கிய சில நாள்களில், நவி மும்பையில் உள்ள நமது கிளைக்கு வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிபவர். பணி ஓய்வுக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் உள்ளன. அவர் கையில் இரண்டு விலைப்புள்ளிகள் இருந்தன. ஒன்று ரூ.2,45,000, மற்றது ரூ.6,40,000. இரண்டும் ஒரே சமையலறைக்கு, ஒரே அளவில், 'எல்' வடிவ மாடுலர் கிச்சன் அமைப்பதற்கானவை. "சாஹேப், போன முறை மலிவாக வாங்கி ஏமாந்துவிட்டேன். இந்த முறை பெரியதையே போட்டுவிடுகிறேன், கடன் கொடுங்கள்" என்றார்.

அவரது கணக்கை எடுத்துப் பார்த்தபோது, ஐந்து ஆண்டுகளுக்கு முன் ரூ.2,20,000 வீட்டுக் கடனுடன் கூடுதல் கடனாக வழங்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதுவும் சமையலறைக்காகத்தான். தவணைக் காலம் பதினைந்து ஆண்டுகள். மாதத் தவணை ரூ.2,231 என்பதால் அன்று அது அவருக்குச் சுமையாகத் தோன்றவில்லை. வட்டி 9 விழுக்காடு என்று நிலையாக வைத்துக் கணக்கிட்டால், ஐந்து ஆண்டுகளில் அவர் கட்டியது ஏறத்தாழ ரூ.1,34,000. அதில் அசலுக்குச் சென்றது ரூ.44,000-க்கும் சற்றுக் குறைவு, எஞ்சிய ரூ.90,000 வட்டிக்குச் சென்றது. ஆகவே உப்பிச் சிதைந்துபோன ஒரு சமையலறைக்கு இன்னும் ரூ.1,76,000 பாக்கி இருந்தது. அதன்மீது ரூ.6,40,000-க்குப் புதிய கடனை அவர் கேட்டு வந்திருந்தார்.

கடன் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் இரு விலைப்புள்ளிகளையும் வாங்கி மேசைமீது விரித்தோம். வணிகவியல் படித்தவர்களுக்கு எந்தக் கணக்கையும் இரண்டு பத்திகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. அன்று நாம் அறிந்துகொண்டதையும், அதன் பின்னர் இதே காரணத்திற்காக வந்த பிற வாடிக்கையாளர்களின் விலைப்புள்ளிகளில் கண்டதையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாடகையோடு சேர்ந்து வந்த சமையலறை

மாடுலர் கிச்சன் என்றாலே செல்வந்தர் வீட்டுப் பொருள் என்னும் எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அதன் வரலாறு வேறு விதமானது. 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், சாமானியர்களுக்கான குடியிருப்புத் திட்டத்திற்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்ததுதான் இன்றைய மாடுலர் சமையலறைகளின் முன்னோடி. ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் நீளமும் கொண்ட சிறிய அறை அது. சமைப்பவர் வீணாக நடக்கும் அடிகளைக் குறைப்பதற்காக ஒவ்வோர் அலமாரியும் அளந்து வைக்கப்பட்டது. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அதன் செலவு வீட்டு வாடகையோடு சேர்த்துச் சிறுகச் சிறுக வசூலிக்கப்பட்டது என்பது வங்கியாளராகிய நமக்குச் சற்றுக் கூடுதல் மகிழ்ச்சி தரும் செய்தி.

எனவே குறைந்த விலை என்பது இத்துறைக்கு இழுக்கன்று. எந்த இடத்தில் குறைத்தார்கள் என்பதே பார்க்கவேண்டியது.

கதவுக்குப் பின்னால் இருப்பது

கடையில் நாம் பார்ப்பது கதவை. பளபளக்கும் அக்ரிலிக், கண்ணாடிபோல் மின்னும் பூச்சு, தேக்கு நிறத்தில் லேமினேட், இவற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் பெரும்பாலோர் முடிவெடுக்கின்றனர். ஆனால் சமையலறையின் ஆயுளைத் தீர்மானிப்பது கதவுக்குப் பின்னால் உள்ள பெட்டி. விலைப்புள்ளியில் 'கார்கஸ்' என்று குறிப்பிடுவது இதைத்தான். அந்தப் பெட்டி எந்தப் பலகையால் ஆனது, அதன் வெட்டு ஓரங்கள் எவ்வாறு மூடப்பட்டுள்ளன, அது எதன்மீது நிற்கிறது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

குறைந்த விலைச் சமையலறைகளில் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு என்னும் மரத்துகள் பலகை பயன்படுகிறது. மரச் சீவல்களையும் துகள்களையும் பசையிட்டு அழுத்தி, இருபுறமும் மெலமைன் தாள் ஒட்டிய பலகை இது. அடுத்த படியில் எம்டிஎஃப். அதைவிட அடர்த்தியாகவும் ஈரம் தாங்கும் வகையிலும் செய்யப்படும் எச்டிஎச்எம்ஆர். அதற்கும் மேலே பிளைவுட்.

பிளைவுட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 303 என்னும் தரத்தில் எம்ஆர், பிடபிள்யூஆர் என இரு வகைகள் உள்ளன. ஐஎஸ் 710 என்பது கடல்சார் பயன்பாட்டுக்கான 'மெரைன்' பிளைவுட். பசையின் உறுதியைச் சோதிக்க, பிடபிள்யூஆர் வகையின் மாதிரியை எட்டு மணி நேரம் கொதிநீரில் வைப்பார்கள். ஐஎஸ் 710-க்கு எழுபத்திரண்டு மணி நேரம். எம்ஆர் வகை வெறும் ஈரப்பதத்தைத் தாங்குமேயன்றித் தேங்கும் நீரைத் தாங்காது. கூடத்து அலமாரிக்கு அது போதும். சிங்கின் அடியில் போதாது.

விற்பனையாளர் '710' என்று சொல்வதும், பலகையில் அந்த எண் அச்சிடப்பட்டிருப்பதும் போதிய சான்றாகா. உண்மையான ஐஎஸ்ஐ முத்திரையோடு 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' என்னும் அரசுச் செயலியில் இட்டால், எந்தத் தொழிற்சாலைக்கு, எந்தத் தரத்திற்கு அந்த உரிமம் தரப்பட்டது என்பது தெரிந்துவிடும். அரியானாவின் யமுனாநகர், கேரளத்தின் பெரும்பாவூர் ஆகிய ஊர்களில் பிளைவுட் ஆலைகள் நிறைந்துள்ளன. நல்ல பலகையும் அங்கிருந்து வருகிறது, அல்லாததும் வருகிறது. பெயர் தெரியாத நிறுவனத்தின் பலகை என்பதாலேயே அது மட்டமானது என்று ஒதுக்கவேண்டியதில்லை. எண்ணைச் சரிபார்த்தால் போதும்.

மரத்துகள் பலகை கெட்ட பொருளா?

இல்லை. இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஐரோப்பிய வீடுகளில் உள்ள சமையலறைகளில் மிகப் பெரும்பாலானவை மரத்துகள் பலகையால் ஆனவையே. விலை உயர்ந்த ஜெர்மானிய, இத்தாலிய நிறுவனங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. அங்கே அது பல்லாண்டுகள் உழைக்கிறது. இங்கே மூன்றாவது மழைக்காலத்தில் உப்பிவிடுகிறது என்றால், குறை பலகையின் மீது மட்டுமன்று. நம் சமையலறை நடைமுறை வேறு.

அவர்கள் தரையைத் துடைக்கிறார்கள், நாம் கழுவுகிறோம். அவர்கள் பாத்திரங்களை எந்திரத்தில் இடுகிறார்கள். நாம் சிங்கில் குவித்து, குழாயை முழுதும் திறந்து, மேடையெங்கும் தெறிக்கக் கழுவுகிறோம். மாவரைத்த கிரைண்டரைக் கழுவும் நீர் மேடையின் விளிம்பு வழியாகக் கதவின் மேல் ஓரத்தில் இறங்குகிறது. கடலோர நகரங்களில் நான்கு மாதங்கள் காற்றே ஈரமாக இருக்கிறது. இவற்றையெல்லாம் மாற்றிக்கொள்ளும்படி யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. நீர் படும் இடத்தையும் படாத இடத்தையும் தனித்தனியே கருதி வாங்கினால் போதும்.

இது நமக்கு நூலறிவாக வரவில்லை. அந்த வாடிக்கையாளரின் வீட்டிற்கே சென்று பார்த்தபோது தெரிந்தது. கடன் கோரும் இடத்தை நேரில் பார்ப்பது நம் பணியின் ஒரு பகுதி. சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சிங்கின் கீழிருந்த பெட்டி. அதன் பக்கப் பலகை அடியில் ஊறி, ரொட்டித் துண்டுபோல் இருமடங்கு தடித்திருந்தது. கீல் பற்றியிருந்த திருகுகள் பிடிப்பிழந்து கதவு ஒருபுறம் தொங்கியது. அதற்கடுத்த இரு பெட்டிகளும் அடிப்பகுதியில் உப்பியிருந்தன. கீழ்வரிசை முழுவதும் கரப்பான் பூச்சிகளின் ராஜ்ஜியம்.

பிறகு மேலே பார்த்தோம். சுவரில் தொங்கிய மேல்வரிசைப் பெட்டிகள் ஏழும் நேராக, உறுதியாக நின்றன. அதே நிறுவனம், அதே பலகை, அதே நாளில் பொருத்தியவை. அடுப்புக்கு அருகிலிருந்த ஒரு கதவு எண்ணெய்ப் புகையால் சற்று மஞ்சளாகியிருந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஐந்து ஆண்டுகளாக நீர் படாத மரத்துகள் பலகை ஐந்து ஆண்டுகளாக நன்றாகவே இருந்தது.

கீழ்வரிசை ஏன் கெட்டது என்பதையும் நம்முடன் வந்த தச்சர் காட்டினார். கழிவுநீர்க் குழாய்க்காகப் பலகையில் துளையிட்டவர்கள், அந்தத் துளையின் பச்சை ஓரத்தை மூடாமல் விட்டிருந்தனர். குழாயின் இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்த நீர் அந்த ஓரத்தின் வழியே பலகைக்குள் ஏறியிருக்கிறது. சிறிதளவு சிலிக்கோன் பூசியிருந்தால் தடுத்திருக்கலாம். இரண்டாவது காரணம், பெட்டிகள் கால்களின்மீது நிற்காமல் நேரே தரையில் உட்கார்ந்திருந்தன. நாள்தோறும் தரை கழுவும் நீரைப் பலகை குடித்தது. இவ்விரண்டு தவறுகளும் விலைப்புள்ளியின் எந்த வரியிலும் தெரிந்திருக்காது.

ரூ.3,95,000 எங்கே போகிறது?

மீண்டும் அந்த இரு விலைப்புள்ளிகளுக்கு வருவோம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ரூ.3,95,000. உயர்விலை நிறுவனத்தின் விற்பனை அலுவலரைத் தொலைபேசியில் அழைத்து, பொருள்வாரியாகப் பிரித்துத் தரும்படி கேட்டோம். முதலில் தயங்கினார், பின்னர் மின்னஞ்சலில் அனுப்பினார். வரியையும் சேர்த்துத் தோராயமாகக் கூட்டியபோது கிடைத்த கணக்கு இது. ஒரு வீட்டின் கணக்கே அன்றிப் பொதுவான சந்தை விலை அன்று என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

மரத்துகள் பலகைக்குப் பதிலாக ஐஎஸ் 710 பிளைவுட் பெட்டிகள்: ரூ.62,000 கூடுதல். தரமான, மெல்ல மூடும் கீல்களும் இழுப்பறைத் தண்டவாளங்களும்: ரூ.38,000. லேமினேட்டுக்குப் பதிலாக அக்ரிலிக் கதவுகள்: ரூ.88,000. ஆளுயர மளிகை அலமாரி, மூலையிலிருந்து சுழன்று வெளிவரும் தட்டுகள், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் ஆகியவற்றுக்கு ரூ.1,12,000. இருக்கும் கிரானைட்டை அகற்றிவிட்டுக் குவார்ட்ஸ் மேடை: ரூ.54,000. கண்ணாடிக் கதவு, விளக்குகள், வடிவமைப்புக் கட்டணம் என எஞ்சியவை ரூ.41,000.

முதல் இரண்டையும் கூட்டினால் ரூ.1,00,000. நீடித்த உழைப்புக்காகத் தரும் விலை அவ்வளவுதான். மற்ற ரூ.2,95,000 தோற்றத்திற்கும் வசதிக்கும் உரியது. தோற்றத்திற்குச் செலவிடுவது தவறு என்று நாம் கூறவில்லை. வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுச் சமையலறையைக் கண்டு ஏங்கிய ஒருவர் தம் பணத்தில் அக்ரிலிக் கதவு போட்டுக்கொள்வதை வங்கி அலுவலர் கேள்வி கேட்கலாகாது. ஆயினும், "இம்முறை கெடாமல் இருக்கவேண்டும்" என்பதற்காகவே அவர் பெரிய விலைப்புள்ளியைத் தேர்ந்தெடுத்தார். கெடாமல் இருப்பதற்கு அதில் நான்கில் ஒரு பங்குதான் செல்கிறது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அக்ரிலிக் கதவு, லேமினேட் கதவைவிட நீண்ட காலம் உழைக்கும் என்பதும் இல்லை. கீறல் அதில்தான் எளிதாகத் தெரியும்.

கீல்களைப் பற்றி ஒரு சொல். பிளம், ஹெட்டிச், ஹாஃபலே, எப்கோ என்று பல நிறுவனங்களின் கீல்கள் சந்தையில் கிடைக்கின்றன. இன்றைய மறைகீல்களில் பெரும்பாலானவை கதவில் 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியில் உட்காருபவை. ஆகவே இன்று சாதாரணக் கீல் போட்டுவிட்டு, கையில் பணம் வரும்போது நல்ல கீலாக மாற்றிக்கொள்ளலாம். கதவையும் அவ்வாறே மாற்றலாம். பெட்டியை மட்டும் மாற்ற முடியாது. மேடைக் கல்லையே பெயர்க்கவேண்டி வரும். பணம் குறைவாக இருப்பவர் முதலில் பெட்டிக்குச் செலவிட்டு, மற்றவற்றைத் தள்ளிப்போடுவதே முறை. கடைகளோ இதற்கு நேர்மாறாக விற்கின்றன.

பெட்டிக்கு வேறு வழிகளும் உண்டு. தென்னிந்தியாவிலும் மராட்டியத்திலும் நெடுங்காலமாக வழக்கில் உள்ள கடப்பா கல் தடுப்புகள் இன்றும் சிறந்தவை. மேடைக்கு அடியில் கல்லால் அறைகள் பிரித்து, முகப்பில் மட்டும் பிளைவுட் கதவு போட்டால் நீரைப் பற்றிய கவலையே இல்லை. இழுப்பறைகளை அளவாகப் பொருத்துவது சற்றுக் கடினம்; மூலைகளைச் சுத்தம் செய்வதும் அப்படியே. எஃகுப் பெட்டி வேண்டுமெனில் 304 தரம்தானா என்று எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். காந்தம் ஒட்டவில்லையென்றால் 304 என்று கடைக்காரர் செய்துகாட்டும் சோதனையை நம்பவேண்டா. மலிவான 202 தரத்திலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது.

விலைப்புள்ளியைப் படிக்கும் முறை

இரு நிறுவனங்களின் சதுர அடி விலையை அப்படியே ஒப்பிடுவது வீண். ஒருவர் முகப்பின் பரப்பைக் கணக்கிடுவார். மற்றவர் பெட்டிக்குள் உள்ள ஒவ்வொரு பலகையின் பரப்பையும் கூட்டுவார். முன்னவரின் சதுர அடி விலை அதிகமாகவும் பின்னவருடையது குறைவாகவும் தெரியும். மொத்தத் தொகை தலைகீழாக இருக்கும். ஒரே வரைபடத்தை இருவரிடமும் தந்து மொத்தத் தொகையைக் கேட்பதே நேரான வழி. அத்தொகையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி அடங்கியுள்ளதா, குழாய் வேலை, மின்வேலை, பழையதை அகற்றும் கூலி, சிம்னி ஆகியவை உண்டா என்பவற்றையும் கேட்கவேண்டும். நம்மிடம் வந்த விலைப்புள்ளிகள் பலவற்றில் இவை கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் விலக்கப்பட்டிருந்தன.

பத்தாண்டு உத்தரவாதம் என்னும் சொற்றொடரையும் முழுமையாகப் படிக்கவேண்டும். நாம் பார்த்த உத்தரவாதத் தாள்களில் பெரும்பாலானவை, நீரினால் ஏற்படும் சேதத்தை விலக்கியே எழுதப்பட்டிருந்தன. சமையலறை வேறு எதனால் கெடும் என்று நமக்கு விளங்கவில்லை.

பணம் தரும் முறையும் முக்கியமானது. பல நிறுவனங்கள் பொருள் ஆலையிலிருந்து புறப்படும் முன்பே முழுத் தொகையையும் வாங்கிவிடுகின்றன. பொருத்தி முடித்த பின் தருவதற்கென்று பத்து விழுக்காட்டையேனும் நிறுத்திவைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. மூடாத துளைகளை மூடச் சொல்லும் வலிமை அந்தப் பத்து விழுக்காட்டுக்கு உண்டு. முறையான விலைச்சீட்டு இல்லாமல் ஜிஎஸ்டியைத் தவிர்த்து வாங்கினால், பின்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து முறையிடும்போது கையில் ஆதாரம் இராது.

கடனின் ஆயுளும் பெட்டியின் ஆயுளும்

இனி நம் துறைக்கு வருவோம். சமையலறைக்குக் கடன் வாங்க மூன்று வழிகள் வழக்கில் உள்ளன: வீட்டுக் கடனோடு கூடுதல் கடன், தனிநபர் கடன், கடையிலேயே தரப்படும் தவணைத் திட்டம்.

வட்டி விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர்கள் முதலாவதே மலிவு என்பார்கள். ரூ.5,00,000 கடனை எடுத்துக்கொள்வோம். 9 விழுக்காட்டில் பதினைந்து ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ரூ.5,071; மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.4,13,000. அதே தொகையை 12 விழுக்காட்டில் தனிநபர் கடனாக ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ரூ.11,122, மொத்த வட்டி ரூ.1,67,000. வட்டி விழுக்காடு மூன்று கூடுதல். கட்டும் வட்டியோ பாதிக்கும் குறைவு. 9 விழுக்காட்டிலேயே ஐந்து ஆண்டுகளில் முடித்தால் மாதத் தவணை ரூ.10,379; வட்டி ரூ.1,23,000. விழுக்காடு குறைவாகவும் காலம் குறுகியதாகவும் இருப்பதே சிறந்தது. வீட்டுக் கடனின் தவணைக் காலத்தோடு சமையலறைக் கடனையும் இணைத்துவிடுவது எளிதாக இருப்பதால் பலரும் அதைச் செய்கிறார்கள். நம் கிளைகளிலும் அவ்வாறு செய்யப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வாடிக்கையாளருக்கு அன்று பதினைந்து ஆண்டுகள் என்று எழுதியவரும் நம்மில் ஒருவரே.

'வட்டியில்லாத் தவணை' என்னும் அறிவிப்பைப் பார்த்தால், ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு தள்ளுபடி என்று கேளுங்கள். கிடைக்காமற்போன அந்தத் தள்ளுபடிதான் வட்டி. இத்தகைய பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி மறைந்தே இருக்கிறது என்று சுட்டிக்காட்டி ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன் எதுவாயினும், முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றை வங்கிகள் தரவேண்டும். கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த ஆண்டு வட்டி விழுக்காடு அதில் இருக்கும். கையெழுத்திடும் முன் அந்த ஒற்றை எண்ணைப் பார்க்கத் தவறவேண்டா.

வரிச் சலுகை பற்றியும் பலர் கேட்கின்றனர். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்பு, புதுப்பித்தல் ஆகியவற்றிற்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழிவு கோரலாம். சமையலறை அலமாரிகள் புதுப்பித்தலா, வெறும் அறைக்கலன்களா என்பதைத் தங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நலம். அதை எதிர்பார்த்துக் கடன் வாங்கவேண்டா.

அவர் எடுத்த முடிவு

ரூ.6,40,000-ஐ ஆறு ஆண்டுகளில் அடைக்கவேண்டுமாயின் மாதம் ஏறத்தாழ ரூ.11,500 கட்டவேண்டும், ஏற்கெனவே உள்ள தவணைகள் தனி. இதை எழுதிக் காட்டியபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மேலே உள்ளது நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் கழற்றவேண்டும்?" என்று அவரே கேட்டார். நாம் சொல்ல நினைத்ததை அவர் முந்திக்கொண்டார்.

கீழ்வரிசையை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று. ஐஎஸ் 710 பிளைவுட்டில் புதிய பெட்டிகள், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கால்கள், கழற்றி மாட்டும் ஸ்கர்ட்டிங், உப்பாத பழைய கதவுகள் ஐந்து, புதிய லேமினேட் கதவுகள் மூன்று. கிரானைட் மேடையைப் பகுதி பகுதியாகத் தூக்கி மீண்டும் பதித்தார்கள். ஒரு பலகம் விரிசல் விட்டதால் அதை மட்டும் மாற்றவேண்டியிருந்தது. ஆன செலவு, வரியோடு ரூ.1,16,000. முதிர்வடைந்த தொடர் வைப்புக் கணக்கிலிருந்து அத்தொகையைத் தந்தார். புதிய கடன் எதுவும் வழங்கப்படவில்லை. அந்தக் காலாண்டின் கடன் இலக்கில் நமது கிளைக்கு அது ஒரு சிறு குறைவுதான்.

பழைய கூடுதல் கடனையும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை. மாதம் ரூ.2,231-ஐ ரூ.3,660 ஆக உயர்த்திக் கட்டத் தொடங்கினார். பத்து ஆண்டுகள் நீளவிருந்தது ஐந்தே ஆண்டுகளில், பணி ஓய்வுக்கு ஓராண்டு முன்னதாகவே முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ ரூ.48,000. மாறும் வட்டி வீட்டுக் கடன்களை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் எதுவும் கிடையாது என்பது பல வாடிக்கையாளர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

மழை ஓய்ந்தபின் அவர் ஒருநாள் காசோலைப் புத்தகம் வாங்க வந்தார். சமையலறையைப் பற்றி விசாரித்தோம். தச்சர் சொன்னபடி சிங்கின் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்திருப்பதாகவும், வாரம் ஒருமுறை அதைத் தொட்டுப் பார்ப்பதாகவும் கூறினார். ஆகஸ்டில் ஒருநாள் தாளின் ஒரு மூலை நனைந்திருந்ததாம். குழாய்க்காரரை அழைத்து இணைப்பை இறுக்கச் செய்ததற்குக் கூலி ரூ.150.